ஓர்வியேத்தோவில் குடித்த தண்ணீர்

1

எனக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை. அன்று லெ பிளாங்-மெனிலில் ரெயில் ஏறி பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்கு வந்து, ரூ பெர்தொனே தெருவில் கனகு அண்ணையின் கடையில் மரக்கறி வாங்குவேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் கத்தரிக்காய் விற்கிறார்கள். ஆனால் கிழமையில் ஒரு நாளாவது நாலு தமிழ்ச் சத்தம் காதில் விழ வேண்டும். நான் கதைப்பது குறைவு. கேட்டுக்கொண்டு நிற்பேன்.

போன திங்கள் கனகு அண்ணை முருங்கைக்காயை முறித்துப் பையில் வைத்தபடி, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும் குரலில் என்னிடம் கேட்டார்.

"என்ன தம்பி, மகள் இத்தாலியிலை ஒரு வைன்காறப் பெடியனோடை எண்டு கதை அடிபடுது. மெய்யோ?"

"அங்கை வேலை, அண்ணை."

"வேலை கிடக்கட்டும். முடிவென்ன? ஓமோ, இல்லையோ? ஒரு சொட்டும் வாயிலை வைக்காத மனிசன் நீ. உனக்கு வந்து வாய்ச்ச சம்பந்தியைப் பாரன்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் தெரியாத இடத்தில் சிரித்துவிடுவது என் பழக்கம். பிரான்சுக்கு வந்த நாளில் இருந்து அப்படித்தான் காலம் போகிறது. எடுத்து வைத்த பச்சை மிளகாயைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ரெயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை. முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணையின் கேள்விக்கு என்ன பதில் என்று யோசித்தேன். நானும் மனைவி விமலாவும் அந்த இத்தாலி ஊருக்குப் போய்வந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் 'ஓம்' என்று இன்றுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். மரக்கறிக் கடையில் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே எழுதுகிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்ச எழுத்தெல்லாம் பழைய பத்திரிகைகளை வாசித்து வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் கழுவுகிற வேலை எனக்கு. இங்கே அதைப் புளோஞ் என்பார்கள். கோப்பைகளுக்கு மெசின் இருக்கிறது. வைன் கிளாஸ் மட்டும் மெசினில் போட்டால் மங்கிப்போகும் என்று கையால் கழுவச் சொல்வார்கள். அதனால் எனக்கு வைனின் மணம் நன்றாகத் தெரியும். ருசி தெரியாது. வந்த புதிதில் லாச்சப்பலில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெடியன்கள் சனிக்கிழமைகளில் குடித்துவிட்டு அழுவார்கள். மறுநாள் அறையைக் கழுவுகிறவன் நான். ஆசை அதோடு போய்விட்டது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. எட்டு வயதிலேயே எனக்கு வாயாக இருந்தவள். டாக்டர், வங்கி, வீடு ஒதுக்குகிற கந்தோர் என்று எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அவள் எட்டிப் பார்த்துப் பதில் சொல்வாள். ஒருமுறை அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டு நீண்ட நேரம் ஏதோ சொன்னார். முகம் நல்லாக இருக்கவில்லை. ஆரணி என் பக்கம் திரும்பி, "நான் கெட்டிக்காறியாம் அப்பா, கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம்" என்றாள். நான் ஆசிரியைக்கு மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளையின் பின்னலைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள் என்று பிறகு விமலாதான் கண்டுபிடித்தாள்.

வளர வளர, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொன்னாள். எனக்கு அவள் சொல்வதில் பாதி விளங்கும். மிச்சத்தை முகத்தில் பார்த்துக்கொள்வேன். வியாபாரம் படித்தாள். ஒரு வைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். திராட்சை வெட்டும் காலத்தில் இத்தாலியில் ஓர்வியேத்தோ என்ற மலை ஊருக்கு ஒரு மாதம் போய்வருகிறேன் என்று போனாள். பிறகு அங்கேயே ஒரு குடும்பத்தின் வைன் நிலவறையில் வேலை கிடைத்தது என்றாள். அந்தக் குடும்பத்துப் பெடியன்தான் மத்தேயோ.

இப்போதும் எனக்குக் கடிதம் வந்தால் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் அந்த மலையில் இருந்து குரல் வரும். "அப்பா, இது தண்ணி பில். அப்பா, இது விளம்பரம், எறியுங்கோ." அதற்கு மட்டும் தமிழில் கதைப்பாள்.

போன வருடம் கோடையில் ஒரு நாள் தாயோடு போனில் கதைக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். விமலா போனைச் சத்தமாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் சம்மதிக்காமல் நான் கலியாணம் கட்டமாட்டன். ஆனா அம்மா, வேற ஒருதரையும் கட்டமாட்டன்."

போனை வைத்த பிறகு விமலா என்னைப் பார்த்து, இது கேள்வியோ வெருட்டோ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

விமலாவின் மனத்தடை ஒன்றிரண்டு இல்லை. வெள்ளைக்காரன். சாராய வியாபாரம், வைன் என்று சொன்னாலும் அவளுக்கு அது சாராயம்தான். தாய் இறந்து, தகப்பனும் மகனும் மட்டும் இருக்கிற வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது. மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பான். மகள் கூப்பிடு தூரத்தில் இருப்பாள் என்றுதான் விமலா இத்தனை வருடம் நினைத்திருந்தாள். வாடகை வீட்டில் இருக்கும் எங்களிடம் கொடுக்க வீடு இல்லை என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில், ஒருக்கால் நேரே போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றாள்.

3

விமலா வகுப்புக்குப் போய்ப் படித்துப் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துவிட்டாள். நானும் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் எதிரே இருந்த அதிகாரி அம்மா கேட்ட கேள்விகள் எனக்கு விளங்கின. பதிலும் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை. மறுபடியும் போகும் தைரியம் வரவில்லை. ஆகவே என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம்தான். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அடித்திருக்கிறது. எல்லா நாடும் என்று சொல்லிவிட்டு ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதியிருப்பதை, அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

புத்தகத்துக்குக் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கிற வேலை எல்லாம் இப்போது கொம்பியூட்டரில். அதையும் ஆரணிதான் இத்தாலியில் இருந்தபடி செய்தாள். கைரேகை வைக்க மட்டும் நான் நேரில் போனேன். கண்ணாடியில் விரலை வைத்தேன், எடுபடவில்லை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் ரேகையைத் தேய்த்துவிட்டன. அந்த அலுவலர் பொறுமையான பெண். என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அழுத்தி, திரும்பத் திரும்ப வைத்தாள். கடைசியில் ஒருமாதிரி எடுபட்டது. மகளின் சம்பந்தம் பேசப் போவதற்கே முதலில் நான் யார் என்பதை ஒரு மெசினுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மிகவும் களைப்பாக இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் விமலா எனக்கு ஒரு சட்டம் சொன்னாள். அவள் தீவுப்பகுதியில் பிறந்தவள். அங்கே வீட்டுக் கிணறெல்லாம் சவர்த் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வெகுதூரம் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், முடிவு தெரியாத சம்பந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்களாம். குடித்தால் சம்மதம் என்று அர்த்தமாம். அவளுடைய பெரியப்பா ஒருவர் சும்மா பெண் பார்க்கப் போன இடத்தில் வெயிலுக்கு ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்ததால்தான் பெரியம்மா வீட்டுக்கு வந்தா என்று ஒரு கதை இருக்கிறது. பெரியம்மா சாகும்வரை அவருக்கு மோர் கொடுக்கவில்லையாம்.

"அவை என்ன தந்தாலும் கை நீட்டக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

"உங்களைத்தான் சொல்லுறன். வாய் பேசாட்டிலும் கை நீளும் உங்களுக்கு."

வெறுங்கையோடும் போகக்கூடாது. பலகாரம் கொண்டுபோனால் நிச்சயம் பண்ணப் போன மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே யோசித்து, ரூ பெர்தொனேயில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் வாங்கினோம்.

4

ரோமுக்கு விமானம். அங்கிருந்து ரெயில். ஓர்வியேத்தோ ஸ்ரேசனில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், தட்டையான நிலத்தில் இருந்து மண்ணிறப் பாறை ஒன்று சுவர்போல எழும்பி நிற்கிறது. அதன் தலையில் ஊர். மேலே போவதற்குக் கம்பியில் இழுபடும் ஒரு சின்ன ரெயில். விமலா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

மேலே ஆரணியும் மத்தேயோவும் காத்து நின்றார்கள். பெடியன் உயரம், தாடி, வெயிலில் காய்ந்த முகம். கை கூப்பி வணக்கம் சொன்னான். நன்றாகப் பழக்கியிருக்கிறாள். பிறகு தங்கள் வழக்கப்படி என் கன்னத்தோடு கன்னம் வைக்கக் கிட்ட வந்தான். நான் பின்னால் நகர்ந்து ஒரு மதிலில் முட்டிக்கொண்டேன். ஆரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

அவர்கள் வீட்டு மாடியில் எங்களுக்கு அறை ஆயத்தமாக இருந்ததாம். விமலா அதற்கு முதலே வேறு இடத்தில் ஒரு சின்ன வாடகை அறை எடுக்கச் சொல்லியிருந்தாள். பைகளை அங்கே வைத்துவிட்டு நடந்தோம். வழியில் ஒரு தெருக்குழாயில் விமலா தன் எவர்சில்வர் போத்தலைக் கழுவி நிரப்பினாள். தெருத் தண்ணீர் யாருடைய வீட்டுத் தண்ணீரும் இல்லை. அவளுக்கு எல்லாம் கணக்காக இருந்தது.

ஒக்டோபர் என்று நான் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தேன். அங்கே வெயில் எறித்தது. கல் பதித்த தெருக்கள் ஏறி இறங்கின. முழங்கால் விண்விண் என்று வலித்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. விமலாவிடம் போத்தலைக் கேட்கலாம். பெடியனுக்கு முன்னால் கேட்க வெட்கமாக இருந்தது.

வாசலில் பெடியனின் தகப்பன் நின்றார். சேர்ஜோ என்று பெயர். என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைப்போல இரண்டு மடங்கு ஆள். கை கொடுத்தார். அந்தக் கையும் என் கையைப் போலவே தோல் வெடித்து, காய்த்துப்போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ என்னவோ, மற்றக் கையால் அவர் நீட்டிய கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். தண்ணீர்தான். குளிர்ந்த, நல்ல தண்ணீர். குடித்து முடித்து, கிளாசைத் திரும்ப நீட்டினேன். அவர் இன்னொரு முறை நிரப்பினார். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் விமலாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சேர்ஜோவுக்குச் சிரித்த முகம் காட்டியபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மோர்தான் மிச்சம்" என்றாள். ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியப்பாவின் கதை அவளுக்கும் தெரியும்.

5

சாப்பாட்டு மேசையில் பாண், எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், கையால் உருட்டிய தடித்த நூடில்ஸ், சிவப்புச் சோஸ், எல்லாம் வைத்திருந்தார்கள். விமலா தனக்கு விரதம் என்றாள்.

"என்ன விரதம் அம்மா?"

"கந்தசஷ்டி."

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

"நான் முந்தியே பிடிக்கிறன். சொல்லு அவைக்கு."

ஆரணி இத்தாலி மொழியில் ஏதோ சொன்னாள். சேர்ஜோ தலையைக் குனிந்து மரியாதை காட்டினார். என்ன சொன்னாளோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். தண்ணீர் குடித்தவன் விரதம் என்று சொல்ல முடியாது. நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதைச் சொல்ல மொழி இல்லாததால் இரண்டாம் தரமும் வாங்கினேன். சேர்ஜோ எங்கள் கதலிப் பழத்தை ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டார். அவருக்கு ஒரு சட்டமும் இல்லை. எங்கள் சட்டப்படி பார்த்தால் அவர் நாலைந்து தரம் சம்மதித்துவிட்டார்.

பிறகு நிலவறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கீழே, பாறையைக் குடைந்து, படி படியாக இறங்குகிறது. வெளியே அந்த வெயில், உள்ளே மார்கழிக் குளிர். பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு கிளாசில் பொன் நிற வைன் ஊற்றி என்னிடம் தந்தார். என் வாழ்நாள் முழுவதும் கழுவிய மணம் அது, இங்கே கழுவாமல் இருந்தது. குடிக்கவில்லை. மணந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. அதைத் தானே குடித்தார்.

அடுத்தது மேல்மாடி. இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும். யன்னலைத் திறந்தால் கீழே சரிவெல்லாம் திராட்சை, மஞ்சளாகத் தொடங்கிய இலைகள். பந்தல் போடாமல் கம்பியில் கட்டி வளர்க்கிறார்கள் என்று விமலா என்னிடம் குறையாகச் சொன்னாள். சேர்ஜோ யன்னலோரம் நின்று நீளமாக ஏதோ சொன்னார். ஆரணி மொழிபெயர்க்கத் தொடங்கி, நடுவில் நின்றாள்.

"இந்த மேல்வீடு... இதைத் தான்..."

அவ்வளவு நேரமும் தண்ணி பில்லைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தவள். தன்னைப் பற்றிய கதையைத் தானே மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குள் ஒரு மாமாவோ சித்தப்பாவோ நின்று பேச வேண்டிய பேச்சு. யாரும் இல்லாததால் பிள்ளையே நிற்கிறாள்.

"எங்களுக்குத் தாறாராம்," என்று முடித்தாள்.

விமலா கையைக் கட்டிக்கொண்டாள். "எங்கடை வழமையிலை வீடு குடுக்கிறது பொம்பிளை பகுதி. பெடியன்தான் எங்கடை பக்கம் வாறது. அப்பிடியே சொல்லு, மாத்தாதை."

ஆரணி மாற்றாமல்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மத்தேயோவின் முகம் சிவந்தது. அவன் தகப்பனைப் பார்க்காமல், விமலாவைப் பார்த்துப் பதில் சொன்னான். ஆரணி மெல்லச் சொன்னாள்.

"தான் வருவாராம் அம்மா. இந்த நிலவறை வராதாம்."

விமலா பிறகு, இந்த வீட்டில் சமைக்கிறது யார் என்று மட்டும் கேட்கச் சொன்னாள். சேர்ஜோ தன் கையை உயர்த்தினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

6

அடுத்த நாள் விமலா பெரிய கோயிலின் முன்னால் இருந்த கல் இருக்கையில் இருந்துவிட்டாள். தேவாலயம்தான். ஆனால் பக்கச் சுவரெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கிறது, எங்கள் கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் இருப்பது போல. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றாள். வீட்டில் இருந்து கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் மடியில் இருந்தன.

ஆரணி என்னை ஊர் ஓரத்தில் ஒரு பழைய கிணற்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பாறைக்குள் வெகு ஆழம். கிணற்றைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழன்று போகின்றன. ஒன்று இறங்குவதற்கு, மற்றது ஏறுவதற்கு. அந்தக் காலத்தில் கழுதைகள் ஒன்றில் இறங்கி, தண்ணீரோடு மற்றதால் ஏறுமாம். வழியில் முட்டுப்படாமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முழங்காலை நினைத்து எனக்கு இறங்க மனமில்லை. அவள் கையைப் பிடித்தாள், இறங்கினேன்.

பாதி வழியில் சுவரில் வெட்டிய ஒரு யன்னல் அருகே நின்று மூச்சு வாங்கினேன். எதிர்ப்பக்க யன்னல்களில் ஏறிப்போகிறவர்களின் தலைகள் தெரிந்தன.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே? நேத்து அந்தத் தண்ணியைத் தெரிஞ்சு குடிச்சனீங்களோ, மறந்து குடிச்சனீங்களோ?"

தமிழில் கேட்டாள். பிரெஞ்சில் கேட்டிருந்தால் சிரித்துத் தப்பியிருப்பேன்.

தெரிந்துதான் குடித்தேன் என்று சொன்னால் அவள் முகம் மலரும். அது எனக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்காகப் பொய் சொல்லப் பழகிய பிள்ளைக்கு ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஆழத்தில், அந்த ஈரச் சுவருக்கு முன்னால், பொய் சொல்லவும் களைப்பாக இருந்தது.

"தண்ணி விடாய், பிள்ளை. சரியான விடாய்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் யன்னலுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். அடியில் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது.

"ஆனா குடிச்ச தண்ணியைத் திருப்பிக் குடுக்கேலாது," என்றேன். "குடிச்சது குடிச்சதுதான்."

அவள் என் கோட்டுக் கையில் முகத்தைத் துடைத்தாள். சின்ன வயதில் மூக்கைத் துடைத்த மாதிரி. பிறகு பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். எனக்கு விளங்கியது இவ்வளவு. என்னுடைய தண்ணீர் பாதிதானாம். அம்மா குடிக்காமல் போனால், தான் அந்த மேல்வீட்டில் ஏறமாட்டாளாம். அம்மாவோடு கதையுங்கோ என்று தமிழில் முடித்தாள்.

நான் விமலாவோடு கதைக்கவில்லை. அன்று பின்னேரம் அவள் பக்கத்தில் அந்தக் கல் இருக்கையில் இருந்தேன். ரொட்டி தந்தாள், சாப்பிட்டேன். கிணறு எப்படி என்று கேட்டாள். ஆழம் என்றேன். தண்ணி எப்படி என்றாள். குடிக்கக் குடுக்கிறேல்லை என்றேன். எங்கள் இருபத்தாறு வருடக் கலியாணத்தில் பெரும்பாலான பேச்சு இப்படித்தான்.

7

மூன்றாம் நாள் காலை விடைபெறுவதற்காக மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். சேர்ஜோ கோப்பி ஊற்றினார். விமலா கையால் மறித்தாள். மத்தேயோ பலகாரம் ஒன்றை நீட்டினான். அதையும் மறித்தாள். ஆரணி கதவு நிலையில் சாய்ந்து நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயணம் இப்படியே முடியப்போகிறது என்று எனக்குப் பட்டது. கோப்பியை நான் குடித்தேன். கசந்தது.

விமலா சேர்ஜோவின் குசினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் கத்திகள் ஒழுங்காக இருந்தன. துணி துவைத்து மடித்திருந்தது. அடுப்புக்கு மேலே மத்தேயோவின் இறந்த தாயின் படம், அதன் கீழே சின்னக் கிளாசில் புதிதாகப் பறித்த பூ. அதற்கு முன்னால் விமலா கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு தோள்பையில் இருந்து எவர்சில்வர் போத்தலை எடுத்தாள். மிச்சம் இருந்த தெருத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். யாரையும் கேட்காமல் குழாயைத் திறந்து, போத்தலைக் கழுவி, வாய் வரைக்கும் நிரப்பினாள்.

ஆரணி நிமிர்ந்தாள்.

"அம்மா, ஏர்ப்போட்டிலை தண்ணி கொண்டுபோக விடமாட்டினம். எறிஞ்சு போடுவினம்."

விமலா மூடியை இறுக்கித் திருகினாள். "எறிய விடுறனே? அதுக்கு முதல் ரெயினிலை குடிச்சு முடிச்சிடுவம்."

ஆரணி இதை மட்டும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மத்தேயோ அவளிடம் ஏதோ கேட்டான், என்ன நடந்தது என்று கேட்டிருப்பான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சேர்ஜோ, நாங்கள் தண்ணீர் இல்லாமல் போகிறோமோ என்று பதறி, இன்னும் இரண்டு போத்தல் கொண்டுவந்து தந்தார். விமலா அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரெயில் புறப்பட்டது. யன்னலில் அந்தப் பாறை கொஞ்ச நேரம் கூடவே வந்து, பிறகு திரும்பிவிட்டது. விமலா பையை மடியில் வைத்தபடி இருந்தாள். இரண்டு ஸ்ரேசன் கழிந்தது. அவள் போத்தலைத் திறந்து, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இன்னொரு முறை குடித்தாள். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"சவரில்லை," என்றாள்.

அது எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. வாங்கிக் குடித்தேன். ரோம் வருமட்டும் போத்தல் எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் பைகளைச் சோதித்த பெண் போத்தலைத் திறந்து, கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.